நன்றி உணர்வு வறண்டிருக்கும்போது காணிக்கை கொடுக்கலாமா?

விளக்குத்தண்டு:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். பல நாளாக மனதில் கிடக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்தே தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, கொடுத்து வருகிறேன். சம்பளம் கைக்கு வந்ததும் முதலில் எடுத்துவைப்பது அதைத்தான். தொடக்கத்தில் காணிக்கை உறைக்குள் பணத்தை வைக்கும்போதே கண் கலங்கும். இப்போது மின்கட்டணம் கட்டுவதுபோல் கட்டிவிட்டு வருகிறேன். தொகை குறையவில்லை, நாள் தவறவில்லை. உள்ளே மட்டும் ஒன்றும் அசைவதில்லை. ஜெபத்தில் சொல்லும் "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்ற வார்த்தையும் உதட்டோடு நின்றுவிடுகிறது.

அண்மையில் வேதபாடத்தில் 2 கொரிந்தியர் 9:7 வந்தது. "உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார்." உற்சாகம் இல்லாமல் கொடுப்பதைவிடக் கொடுக்காமலிருப்பதே மேல் என்று ஒரு சகோதரர் அடித்துச் சொன்னார். அது என்னை மிகவும் அலைக்கழிக்கிறது. நன்றி திரும்பி வரும்வரை காணிக்கையை நிறுத்திவைப்பதுதான் நேர்மையா? அல்லது நன்றி என்பது உணர்வே அல்ல, கீழ்ப்படிதல்தான் என்று எண்ணித் தொடர வேண்டுமா? வேதத்தை ஆழமாக வாசித்தவர்கள் பதில் சொல்லுங்கள்.

பழைய பாட்டுப்புத்தகம்:

தம்பி, நிறுத்தாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த 9:7 யாருக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். எருசலேமின் ஏழைகளுக்காகக் கொடுக்கிறோம் என்று கொரிந்து சபை ஒரு வருடத்துக்கு முன்பே ஒப்புக்கொண்டது. ஆரம்ப வேகம் பிறகு தணிந்துபோயிற்று. அந்தச் சபையைப் பார்த்துப் பவுல், "உங்களுக்கு மறுபடியும் ஆசை வரும்வரை காத்திருங்கள்" என்று எழுதவில்லை. 8:11-இல், தொடங்கியதை இப்பொழுது செய்து நிறைவேற்றுங்கள் என்கிறார். மனவிருப்பம் முன்னே வந்துவிட்டது, கை அதற்குப் பின்னால் வரட்டும் என்பதுதான் அங்கே பேச்சு.

உங்களுக்கு அந்த முதல் விருப்பம் இருந்தது. அது பொய்யாக இருந்ததில்லை. இன்று கண்ணீர் வரவில்லை என்பதற்காக அன்று வந்த கண்ணீரைத் தேவன் மறந்துவிடுவாரா?

பெரேயா வாசகன்:

ஐயா சொன்னதோடு முழுவதும் ஒத்துப்போகிறேன். இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 9:7-இன் முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் பிடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. "அவனவன் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்" என்றுதான் அந்த வசனம் தொடங்குகிறது. அதில் பெரிய எச்சரிக்கை யாருக்கு? வசூலிக்க வருகிறவனுக்கு. பவுல் அனுப்பும் உடன் ஊழியன் தீத்துவும் மற்ற சகோதரர்களும் கொரிந்துக்கு வரப்போகிறார்கள். அவர்கள் வந்து நிற்பதைப் பார்த்து எவனும் முகத்துக்காகக் கொடுத்துவிடக் கூடாது என்று பவுல் கவலைப்படுகிறார். கொடுக்கிறவனின் நெஞ்சுக்குள் உற்சாகத்தை அளந்து பார்த்து, அளவு குறைந்தவனைத் திருப்பி அனுப்புவதற்காக எழுதப்பட்ட வசனம் அல்ல அது.

சகோதரர் விளக்குத்தண்டு, உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தொகையை உங்கள் மனதில் நீங்களே நியமித்தீர்கள். வசனம் கேட்பது அதைத்தான்.

நன்றி உணர்வா, கீழ்ப்படிதலா என்று கேட்டீர்கள். இரண்டையும்விட எனக்கு நினைவு என்று சொல்லத் தோன்றுகிறது. உபாகமம் 26-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதற்பலனைக் கூடையில் வைத்துக் கொண்டுவருகிறவன் ஆசாரியன் கையில் அதைக் கொடுத்துவிட்டுச் சும்மா போவதில்லை. வாயைத் திறந்து ஒரு கதையைச் சொல்ல வேண்டும். என் முற்பிதா அழியப்போகிற நிலையில் இருந்த ஒரு அந்நியன், அவன் எகிப்துக்குப் போனான், அங்கே எங்களை ஒடுக்கினார்கள், நாங்கள் கூப்பிட்டோம், கர்த்தர் கேட்டார், இந்தத் தேசத்தைத் தந்தார், இதோ அதன் கனி. அவன் அந்த நேரத்தில் என்ன உணர வேண்டும் என்று அந்த அதிகாரம் ஒரு கட்டளையும் இடவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்றுதான் இடுகிறது. சந்தோஷம் 11-ஆம் வசனத்தில்தான் வருகிறது. அதுவும் ஆலய ஊழியம் செய்யும் லேவியனோடும், அவர்கள் நடுவிலிருக்கிற பரதேசியோடும், அதாவது அந்நியனோடும், சேர்ந்து வருகிறது.

உங்கள் உறைக்குள் தொகை இருக்கிறது, கதை இல்லாமல் போய்விட்டது என்று நினைக்கிறேன்.

ஒலிவக்கிளை:

இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை என்பது என் தாழ்மையான கருத்து. மல்கியா 3:10 தெளிவாக இருக்கிறது. தசமபாகங்களைப் பண்டசாலைக்குக் கொண்டுவாருங்கள், என்னைச் சோதித்துப் பாருங்கள் என்று கர்த்தரே சொல்லுகிறார். இன்னும் அதிகமாகக் கொடுத்துப் பாருங்கள் சகோதரரே. வானத்தின் பலகணிகள் திறக்கும்போது நன்றி தானாக வரும். என் வாழ்க்கையில் அப்படி நடந்திருக்கிறது.

பெரேயா வாசகன்:

உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை, சகோதரி. ஆனால் அந்த அதிகாரத்தை 5-ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். கூலிக்காரனின் கூலியை அபகரிக்கிறவர்கள், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்கள், பரதேசிக்கு அநியாயம் செய்கிறவர்கள்மேல் தேவன் நியாயத்தீர்ப்பு கூறுகிறார். பண்டசாலையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது. அந்தத் தசமபாகம் யாருக்குப் போய்ச் சேர வேண்டியது என்று உபாகமம் 14:29 சொல்லுகிறது: லேவியன், பரதேசி, திக்கற்றவன், விதவை. அவர்கள் பங்கு வந்து சேராததால்தான் மல்கியாவின் அந்த அதிகாரத்தில் கர்த்தர் அதைத் திருட்டு என்கிறார். கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் என்பதை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொண்டால், பசித்தவனை அந்த அதிகாரத்திலிருந்து துரத்திவிடுகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதலாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி எழுதப்பட்டதாகப் பலரும் கருதும் "திதாகே" என்ற சபை ஒழுங்குநூல் ஒன்று உண்டு. 1873-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் அதன் கையெழுத்துப் பிரதி கிடைத்தது. அதன் 11-ஆம் அதிகாரம் சொல்வது இது: ஆவியில் பேசுகிறேன் என்று சொல்லி ஒருவன் தனக்குப் பணம் கேட்டால் அவனுக்குச் செவிகொடுக்காதீர்கள், இல்லாத மற்றவர்களுக்காகக் கொடுக்கச் சொன்னால் அவனை யாரும் நியாயந்தீர்க்க வேண்டாம். ஆதிச்சபை எவ்வளவு விழிப்பாக இருந்தது, பாருங்கள்!

மாரா:

இங்கே கொடுக்கிறவர்கள் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பெற்றுக்கொண்டவள் ஒருத்தி பேசலாமா?

என் கணவர் நீண்ட காலம் நோயில் கிடந்தார். அப்போது நாங்கள் போய்க்கொண்டிருந்த ஒரு சபை எங்களுக்கு உதவியது. உண்மையாகவே பெரிய உதவி. மருந்துக்கும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் அதுதான் ஆதாரம். அதற்காக இன்றும் அவர்களுக்காக ஜெபிக்கிறேன். ஆனால் கூட்டத்துக்குக் கூட்டம் என்னை மேடைக்கு அழைத்தார்கள். "சகோதரி சாட்சி சொல்லுவார்கள்" என்று ஒலிபெருக்கியைக் கையில் கொடுப்பார்கள். முன்வரிசையில் என் மகள் உட்கார்ந்திருப்பாள். நான் பேசத் தொடங்கியதும் அவள் தன் பாட்டுப்புத்தகத்தைத் திறந்து முகத்துக்கு நேராக வைத்துக்கொள்வாள். பேசி முடித்து நான் இறங்கும்வரை பக்கத்தைப் புரட்டமாட்டாள்.

நான் நன்றியற்றவள் அல்ல. நன்றியை என்னிடம் வாடகைபோல் வசூலித்தார்கள் என்றுதான் சொல்கிறேன்.

அந்த நாட்களில் 2 இராஜாக்கள் 5-ஆம் அதிகாரம்தான் என்னைத் தாங்கியது. சீரியப் படைத்தலைவன் நாகமான், தீர்க்கதரிசி எலிசாவின் சொற்படி செய்து குஷ்டம் நீங்கிக் குணமாகித் திரும்பி வருகிறான். 10 தாலந்து வெள்ளி, 6000 சேக்கல் பொன், 10 மாற்று வஸ்திரங்கள் கொண்டுவந்தவன் அவன். மனதார, வருந்தி வருந்திக் கேட்டுக்கொள்கிறான். எலிசா, "நான் வாங்குகிறதில்லை" என்று சொல்லிவிடுகிறார். பிறகு எலிசாவின் வேலைக்காரன் கேயாசி பின்னால் ஓடிப்போய், எலிசாவின் பெயரைச் சொல்லி, இரண்டு வாலிபர் வந்திருக்கிறார்கள் என்று பொய்சொல்லி, வெள்ளியும் உடுப்பும் வாங்கிக்கொள்கிறான். நாகமானின் குஷ்டம் கேயாசியைப் பிடிக்கிறது. தேவன் இலவசமாகச் செய்ததற்கு விலை வைத்து, இன்னொருவனுடைய நன்றியைக் காசாக்கிக்கொண்டவன் அவன். அந்த அதிகாரத்தைக் காணிக்கைப் பிரசங்கத்தில் ஒருவரும் எடுப்பதில்லை.

"எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்ற வசனத்தை அப்போது எனக்குச் சொன்னவர்கள் பலர். சங்கீதம் 88-ஐ ஒருவரும் வாசித்துக் காட்டவில்லை. நானே தேடிக் கண்டுபிடித்தேன். அது இருளிலேயே முடிகிறது, கடைசியில்கூட ஒரு ஸ்தோத்திரம் இல்லை. அதுவும் வேதத்துக்குள் ஜெபமாகத்தான் வைக்கப்பட்டிருக்கிறது.

ஒலிவக்கிளை:

அன்புச் சகோதரி மாரா, நீங்கள் எழுதியதை இரண்டுமுறை வாசித்தேன். உங்கள் மகளை நினைத்து மனம் கனக்கிறது. அப்படிச் செய்திருக்கக் கூடாது.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். லூக்கா 17-இல் பத்துக் குஷ்டரோகிகள் சுத்தமானபோது, "மற்ற ஒன்பதுபேர் எங்கே?" என்று ஆண்டவரே கேட்கிறாரே. பெற்றவர்கள் திரும்பி வந்து சொல்ல வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார் அல்லவா? சாட்சியே வேண்டாம் என்றால் அந்தக் கேள்விக்கு என்ன பொருள்?

மாரா:

கோபம் ஒன்றும் இல்லை சகோதரி. நீங்கள் கேட்டது நல்ல கேள்வி.

அந்தச் சமாரியன் தானாகத் திரும்பி வந்தான். யாரும் போய் அழைத்துவரவில்லை. அடுத்த வசனத்தில் ஆண்டவர், தேவனை மகிமைப்படுத்த இந்த அந்நியனைத் தவிர ஒருவனும் திரும்பி வரவில்லையே என்கிறார். தமக்கு நன்றி சொல்ல வரவில்லை என்று அவர் குறைப்படவில்லை. அந்த ஒன்பது பேருடைய தோல் மறுபடியும் வெண்மையாகிவிட்டது என்றும் லூக்கா எழுதவில்லை. சுகத்தை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ இளகுகிறது. நன்றி சொல்லாதவனிடமும் ஈவு ஈவாகவே இருந்துவிடுகிறது.

மௌனத் தியானம்:

நான் கத்தோலிக்கன். நீங்கள் பயன்படுத்தும் சொற்களும் என் சொற்களும் கொஞ்சம் வேறுபடலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சகோதரி மாரா எழுதியதைப் படித்ததும் புனித பசிலியார்தான் நினைவுக்கு வந்தார். 4-ஆம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயராக இருந்தவர். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வனைப் பற்றி மறையுரை ஆற்றியபோது, நீ பூட்டிவைத்திருக்கும் உணவு பசித்தவனுக்குரியது, பெட்டியில் கிடக்கும் உடை ஆடையற்றவனுக்குரியது என்று பேசினார். அவர் சொல்வது உண்மையானால், கொடுக்கிறவன் மேடைபோட்டு நன்றியை எதிர்பார்க்க என்ன இருக்கிறது? ஒருவனுடைய பொருளை அவனிடமே சேர்த்திருக்கிறான், அவ்வளவுதான்.

இனி விளக்குத்தண்டு அவர்களின் கேள்விக்கு வருகிறேன். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் 1542-இல் தம் தோழர் சிமோன் ரொட்ரீகஸுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், நன்றியின்மையை மிகவும் வெறுக்கத்தக்க பாவங்களுள் ஒன்றாகவும், எல்லாப் பாவங்களுக்கும் தீமைகளுக்கும் தொடக்கமாகவும் குறிப்பிடுகிறார். கடுமையான வார்த்தைகள்தான். அதனாலேயே நாள்தோறும் செய்யும் ஆன்ம ஆய்வில், பாவத்தை நினைப்பதற்கு முன்பே பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வதை முதல் படியாக வைத்தார். அது பொதுவான நன்றி அல்ல. இன்று, காலையிலிருந்து இந்த நேரம்வரை, எந்த முகம், எந்தச் சொல், எந்த உதவி என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது. பொதுவாக "எல்லாவற்றுக்கும் நன்றி" என்று சொல்லும்போது வறண்டுபோகும் மனம், ஒன்றைக் குறிப்பிட்டுச் சொல்லும்போது அசைவதை நான் அறிந்திருக்கிறேன். அசையாத நாட்களும் உண்டு. அன்றும் சொல்லிவிட்டுத் தூங்கப் போவேன்.

திருப்பாடல் 116-ஐயும் பாருங்கள். "ஆண்டவர் எனக்குச் செய்த எல்லா நன்மைகளுக்காகவும் நான் அவருக்கு என்ன கைம்மாறு செய்வேன்?" என்று பாடுகிறவன் கேட்கிறான். அவன் சொல்லும் முதல் பதில் வியப்பானது. மீட்பின் கிண்ணத்தைக் கையில் எடுப்பேன் என்கிறான். கைம்மாறாக எதைத் தருவேன் என்று கேட்டவன், இன்னும் ஒன்றைப் பெற்றுக்கொள்கிறான்! நேர்ச்சையைச் செலுத்துவது அதற்கு அடுத்துத்தான் வருகிறது.

ஒன்றைக் கேட்கலாமா? நீங்கள் இத்தனை காலமாகக் கொடுத்து வருகிறீர்கள். யாரிடமிருந்தாவது பெற்றுக்கொள்கிறீர்களா?

விளக்குத்தண்டு:

அந்தக் கடைசிக் கேள்வி என்னை நிறுத்திவிட்டது. உண்மையைச் சொன்னால், இல்லை. எங்கள் சபையில் ஒருவருக்கு ஒரு தேவை என்றால் முதலில் எனக்குத்தான் தொலைபேசி வரும். எனக்கு ஒரு தேவை என்றால் யாருக்கும் தெரியாது. தெரியவிடவும் மாட்டேன். பிறருக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்றுதான் என் பெற்றோர் வளர்த்தார்கள்.

ஆனால் "வாங்குகிறதைப்பார்க்கிலும் கொடுக்கிறதே பாக்கியம்" என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறாரே. அப்படியிருக்க, பெற்றுக்கொள்வதை ஏன் நாட வேண்டும்?

பெரேயா வாசகன்:

அப்போஸ்தலர் 20:35. பவுல் அதை எபேசுவின் மூப்பர்களுக்குச் சொல்லுகிறார். அவர்களுடைய வெள்ளிக்கும் பொன்னுக்கும் வஸ்திரத்துக்கும் தாம் ஆசைப்படவில்லை, தம் கைகளே தமக்கும் தம்மோடு இருந்தவர்களுக்கும் வேலைசெய்தன என்று சொல்லிவிட்டுத்தான் அந்த வார்த்தையை எடுத்துக்காட்டுகிறார். ஊழியக்காரன் மந்தையைச் சுரண்டக் கூடாது என்பதற்காகச் சொன்னது. விசுவாசி ஒருவரும் யாரிடமும் எதையும் பெறக் கூடாது என்று அதற்குப் பொருள் இல்லை.

அதே பவுல் சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதுகிறார். எப்பாப்பிரோதீத்துவின் கையால் அவர்கள் அனுப்பினது வந்துசேர்ந்தது. எனக்கு எல்லாம் உண்டு, பரிபூரணமும் உண்டு என்கிறார். அவர்கள் அனுப்பினதைத் தேவனுக்கு உகந்த சுகந்த வாசனையான பலி என்கிறார். குறைவிலும் நிறைவிலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன் என்று அந்த நன்றியுரைக்குள்ளேயே எழுத அவருக்குத் துணிவு இருக்கிறது. "நீங்கள் இல்லாவிட்டால் செத்திருப்பேன்" என்று அவர் குழையவில்லை. "எனக்கு வேண்டாம்" என்று தள்ளவும் இல்லை. நன்றி சொல்லத் தெரியாத நம் தலைமுறை பிலிப்பியர் 4-ஐ மனப்பாடம் செய்யலாம்.

இன்னும் மேலே போங்கள். லூக்கா 8:3-இல் யோவன்னாளும் சூசன்னாளும் மற்ற அநேக ஸ்திரீகளும் தங்கள் ஆஸ்திகளால் ஆண்டவருக்கு ஊழியம் செய்தார்கள். கிணற்றடியில் ஒரு சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். பவனி போக இரவல் கழுதை. அடக்கம்பண்ண இன்னொருவனுடைய கல்லறை. வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர் எத்தனை பேர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்!

ஆண்டவர் சீஷர்களின் கால்களைக் கழுவ வந்தபோது பேதுரு என்ன சொன்னார்? என் கால்களை ஒருக்காலும் கழுவப்படாது என்றார். தாழ்மைபோல்தான் தெரிந்தது. ஆண்டவர் கொடுத்த பதில், "நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை." பிறருக்குப் பாரமாயிருக்க விரும்பாத நம் எல்லாருக்கும் அந்த வசனம் கூர்மையாகவே படுகிறது.

சபைப் பொருளாளர்:

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். பல ஆண்டுகளாக ஒரு சபையின் கணக்கைப் பார்த்து வருகிறவன். என் பங்குக்குச் சில காரியங்கள்.

நன்றியும் தாராளமும் ஓர் ஆளின் இதயத்தில் மட்டும் நடக்கும் காரியம் என்று பேசுகிறோம். பாதி உண்மைதான். பணம் போகும் வழி சுத்தமாக இல்லாவிட்டால் நல்ல இதயமும் நாளடைவில் காய்ந்துபோகும். பவுல் இதை எவ்வளவு கவனித்தார் தெரியுமா? 2 கொரிந்தியர் 8:18 முதல் 21 வரை வாசியுங்கள். இந்த மிகுதியான தர்மப்பணத்தைக் குறித்து ஒருவனும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு எச்சரிக்கையாயிருக்கிறோம் என்கிறார். அதற்காகச் சபைகளே தெரிந்துகொண்ட ஒரு சகோதரனைத் தம்மோடு கூட்டிப்போகிறார். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்கிறார். அப்போஸ்தலனுக்கே சாட்சி வேண்டியிருந்தது!

விளக்குத்தண்டு அவர்களே, உங்கள் காணிக்கை எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? கேட்டுப் பாருங்கள். கேட்பது அவிசுவாசம் அல்ல. 2-ஆம் நூற்றாண்டின் நடுவில் யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ ஆசிரியர் எழுதிய முதல் தற்காப்புரையின் 67-ஆம் அதிகாரத்தில் ஞாயிறு ஆராதனையை விவரிக்கிறார். வேதவாசிப்பு, ஜெபம், நன்றி ஜெபத்தோடு அப்பமும் இரசமும் பகிரப்படுகின்றன, வராதவர்களுக்கும் கொடுத்தனுப்பப்படுகின்றன. அதற்குப் பின்புதான், வசதியும் மனமும் உள்ளவர்கள் அவரவர் விருப்பப்படி கொடுக்கிறார்கள் என்று வருகிறது. அது திக்கற்ற பிள்ளைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் அந்நியர்களுக்கும் போகிறது. கிறிஸ்தவர் அல்லாத ஓர் அரசனுக்கு எழுதும்போதே கணக்கைத் திறந்து வைக்கிறார். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளரும் அப்படித்தான் எழுதினார். மாதத்துக்கு ஒருநாள், விரும்பினால், முடிந்தால், கட்டாயம் யாருக்கும் இல்லை என்று சொல்லி, ஏழைகளின் உணவும் அடக்கச் செலவும் முதற்கொண்டு அந்தப் பணம் எதற்குப் போகிறது என்று பட்டியலிடுகிறார்.

சகோதரி மாராவுக்கு நேர்ந்ததைத் தவிர்க்க எங்கள் சபையில் சில ஒழுங்குகள் வைத்தோம். உதவி பெறுகிறவரின் பெயர் இரண்டு பேருக்கு மேல் தெரியாது. படம் எடுப்பதில்லை. சாட்சி சொல்லும்படி நாங்கள் கேட்பதில்லை. தாமாக வந்து சொன்னால் தடுப்பதும் இல்லை. கூட்டுத்தொகை மட்டும் சபைக்கு வாசிக்கப்படும். மத்தேயு 6:3-இல் வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்று சொல்லியிருப்பதைக் கணக்குப் புத்தகத்தில் எழுதினால் ஏறக்குறைய அப்படித்தான் வரும்.

இன்னொன்று, ஏழை விதவையின் இரண்டு காசைப் பற்றி. கட்டட நிதிக்குக் காணிக்கை எடுக்கும் நாளில் அந்தப் பகுதியைப் பிரசங்கிப்பது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம். மாற்கு 12:40-இல் ஆண்டவர், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்கள் என்று வேதபாரகரைச் சாடுகிறார். அடுத்த காட்சியிலேயே ஒரு விதவை தன் ஜீவனத்துக்கு உண்டாயிருந்ததெல்லாம் காணிக்கைப்பெட்டியில் போடுகிறாள். அதற்கடுத்த காட்சியில், இந்த ஆலயத்தில் ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராது என்கிறார். இந்த மூன்றையும் பிரித்துவிட்டு நடுவில் இருப்பதை மட்டும் எடுத்து, "நீங்களும் இப்படிப் போடுங்கள்" என்று ஏழைகளிடம் சொல்வது எப்படி நியாயமாகும்?

பழைய பாட்டுப்புத்தகம்:

பொருளாளர் ஐயா, இங்கே நான் உங்களோடு மாறுபடுகிறேன். அவளைப் பரிதாபத்துக்குரியவளாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். ஆண்டவர் சீஷர்களைத் தம்மிடம் அழைத்து, காணிக்கைப்பெட்டியில் பணம் போட்ட மற்றெல்லாரைப்பார்க்கிலும் இவள் அதிகமாய்ப் போட்டாள் என்று சொன்னார். அதில் வியப்பு இருக்கிறது. மக்கெதோனியா சபைகளைப் பற்றியும் பவுல் அப்படித்தான் எழுதுகிறார். கொடிய தரித்திரத்தில் இருந்தவர்கள் திராணிக்கு மிஞ்சிக் கொடுத்தார்கள், அதுவும் எங்களை மிகவும் வேண்டிக்கொண்டு கொடுத்தார்கள் என்கிறார். ஏழைக்கும் கொடுக்கும் மேன்மை உண்டு. அதை அவனிடமிருந்து பிடுங்கக் கூடாது. என் வாழ்க்கையில் நான் பெற்ற மிகச் சிறந்த உதவி, என்னைவிட இல்லாத ஒருவரிடமிருந்துதான் வந்தது.

சபைப் பொருளாளர்:

ஐயா சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். அவளுடைய காசு பெரியது. அதைப் பிடுங்கக் கூடாது. அதைக் காட்டிக் கேட்கவும் கூடாது என்பதுதான் என் கவலை. மக்கெதோனியரைப் பவுல் எடுத்துக்காட்டுவது கொரிந்தியருக்கு. வசதியாக இருந்தவர்களைப் பார்த்துத்தான் இல்லாதவர்களின் தாராளத்தைச் சொல்லுகிறார். உடனே 8:13-இல், மற்றவர்களுக்குச் சகாயமும் உங்களுக்கு வருத்தமும் உண்டாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை என்று தெளிவுபடுத்துகிறார். அவர் தேடுவது சமநிலை.

வசதியுள்ளவர்களுக்கு என்னிடம் வேறு உதாரணம் உண்டு. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி தம் பிரசங்கம் ஒன்றில், ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த வாலிபர்களில் ஒருவனைப் பற்றிச் சொல்லுகிறார். அது அவரேதான் என்று பலரும் கருதுகிறார்கள். அவனுக்கு ஆண்டு வருமானம் 30 பவுண்டு. 28-இல் வாழ்ந்து 2-ஐக் கொடுத்தான். மறுஆண்டு வருமானம் 60 ஆயிற்று. அப்போதும் 28-இல் வாழ்ந்து 32-ஐக் கொடுத்தான். 90 வந்தபோது 62, 120 வந்தபோது 92. வருமானம் ஏறியபோது அவன் தேவை ஏறவில்லை. நம்மில் பலருக்குத் தசமபாகம் அப்படியே நிற்கிறது, மீதி ஒன்பது பாகத்தைப் பற்றி நாம் தேவனிடம் பேசுவதே இல்லை.

விளக்குத்தண்டு:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. நிறுத்தப்போவதில்லை என்று தீர்மானித்துவிட்டேன். பெரேயா வாசகன் சொன்னபடி, உறையில் பணத்தை வைக்கும்போது என் கதையை வாய்விட்டுச் சொல்லத் தொடங்குகிறேன். என் தகப்பனாருக்கு வேலை போன ஆண்டில் எங்களை யார் தாங்கினார்கள் என்று பிள்ளைகளுக்கு நான் சொன்னதே இல்லை. அங்கிருந்து தொடங்கலாம் என்று இருக்கிறேன்.

இன்னொரு கேள்வி, நடைமுறையானது. சபைக்குப் போவதில் ஒரு பகுதியை எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு நேரடியாகக் கொடுக்கலாமா? அவர்களைச் சங்கடப்படுத்தாமல் எப்படிச் செய்வது?

சபைப் பொருளாளர்:

செய்யலாம். உபாகமம் 14:28-இல் மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் அவரவர் வாசல்களிலேயே வைக்கப்பட்டு, அங்கேயே இருக்கிற திக்கற்றவனும் விதவையும் சாப்பிட்டுத் திருப்தியடைய வேண்டும் என்று இருக்கிறது. பக்கத்தில் இருப்பவனுக்கு என்று ஒரு பங்கு எப்போதும் இருந்தது.

நாள்தோறும் முகம் பார்த்துப் பழகும் குடும்பம் என்றால், நம்பகமான மூப்பர் ஒருவர் மூலமாகப் பெயர் சொல்லாமல் அனுப்புங்கள். அப்போது அவர்கள் உங்களைப் பார்க்கும்போதெல்லாம் தலைகுனிய வேண்டியதில்லை. 2 கொரிந்தியர் 9:12-இல் பவுல் எதிர்பார்ப்பதும் பெற்றவர்கள் தேவனை ஸ்தோத்திரிப்பதைத்தான். ஒரே ஒரு முறை கொடுத்துவிட்டு விட்டுவிடுவதைவிட, சிறிய தொகையாக இருந்தாலும் மாதம் தவறாமல் போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் வரும் என்று தெரிந்தால்தான் அவர்களால் எதையும் திட்டமிட முடியும்.

மாரா:

பொருளாளர் ஐயா சொன்னது சரி. அதோடு ஒன்றைச் சேர்க்கிறேன்.

எப்படியாவது அவர்களுக்குத் தெரியவந்து, ஒருநாள் உங்கள் வீட்டுக்கு வந்து நன்றி சொன்னால், "எனக்குச் சொல்லாதீர்கள், கர்த்தருக்குச் சொல்லுங்கள்" என்று வாயை அடைத்துவிடாதீர்கள். நான் ஒருவரிடம் அப்படிப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டே போனேன். முதல் வார்த்தையிலேயே தடுத்துவிட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் தடுத்தார்கள். திரும்பி வரும்போது, கொடுக்க என்னிடம் இருந்த ஒன்றும் வேண்டாம் என்று சொல்லப்பட்டதுபோல் இருந்தது. அவர்களை உட்காரச் சொல்லுங்கள், சகோதரரே. சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள். ஏதாவது கையில் கொண்டுவந்திருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.